ஸ்ரமமும் சிரமமும்

போன மாதம் ஷீபா போன் செய்தாள். மட்டாஞ்சேரிப் பக்கத்துக் கோர்ட் ஒன்றில் நான் பல வருஷம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிற மொழிபெயர்ப்பாளர். மலையாளப் பெண், தமிழைப் பிறகு ஆசையாகப் படித்துக்கொண்டவள்.

“சேச்சி, ஒரு சம்சயம். அட்டெம்ப்ட்டுக்குத் தமிழ்ல ‘முயற்சி’தானே? கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுது. இங்க ஒரு சாட்சிமொழி இருக்கு. இங்கிலீஷ்ல அட்டெம்ப்ட்டுன்னே போட்டுடட்டுமா?”

“சாட்சி வாயால சொன்னது என்ன?”

“எடுக்கப் பாத்தான்னு.”

“எடுக்கப் பாத்தானா, எடுத்துப் பாத்தானா?”

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, “அய்யோ சேச்சி, ‘எடுத்து’தான் ஆணு” என்றாள்.

“அப்ப அவன் எடுத்தாச்சு. முயற்சி ஒண்ணும் இல்ல. எடுத்து, என்னன்னு பாத்திருக்கான்.”

அவள் சிரித்து, நன்றி சொல்லி வைத்துவிட்டாள். எனக்குத்தான் அன்று வேறு வேலை ஓடவில்லை. கோயம்புத்தூரில் தங்கை வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, சுக்கும் மிளகும் மணக்கிற பஜார் ரோடு வழியாகக் கையில் குடையோடு கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன்.

என் அப்பா பாலக்காட்டிலிருந்து ஒரு தேயிலைக் கிடங்குக்குக் கணக்கெழுத வந்தவர். வீடு சுள்ளிக்கல்லில். வீட்டில் பேசியது தமிழ். ஆனால் குடித்தது சாயா, தின்றது கப்பைக் கிழங்கு, பக்கத்து வீட்டு அண்ணன் எங்களுக்குச் சேட்டன். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தேன். தமிழ் எழுத்து, அம்மா வாங்கும் வாரப் பத்திரிகைகளிலிருந்து வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் கோர்ட்டில் கிளார்க்காகச் சேர்ந்தேன். தமிழ் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காகச் சாட்சிகளுக்கு மொழிபெயர்க்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. காய்கறி லாரி ஓட்டுகிறவர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், ஹோட்டலில் மாவாட்டுகிறவர்கள், கிடங்குகளில் மிளகு புடைக்கிற பெண்கள் என்று தமிழ் பேசுகிறவர்கள் அன்றைக்கும் நிறையத்தான் வந்தார்கள். என் முதல் சாட்சி பொள்ளாச்சி லாரி டிரைவர். நான் கேட்ட முதல் கேள்வியிலேயே மாஜிஸ்ட்ரேட்டைப் பார்த்து, “ஐயா, இந்தம்மா பேசறது மலையாளமுங்களா, தமிழுங்களா?” என்றார். கோர்ட்டே சிரித்தது. அன்று முதல், அவரவர் ஊர்ப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கப் பழகினேன்.

எங்கள் தலைமை எழுத்தர் பரமேஸ்வரன் பிள்ளை சார். மாஜிஸ்ட்ரேட்டுகள் வருவார்கள், போவார்கள். சார் அங்கேயே இருந்தார். ஒல்லியான மனிதர். யாராவது பேசும்போது அவருடைய உதடுகள் சத்தமில்லாமல் அசையும். கேட்ட வாக்கியத்தைத் தனக்குள் இன்னொரு மொழியில் சொல்லிப் பார்க்கிறார் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. பாராட்ட மாட்டார். திட்டவும் மாட்டார். ஏதாவது பிசகினால் மட்டும், “மறிச்சு பற” என்பார். திருப்பிச் சொல் என்று அர்த்தம். நான் இங்கிலீஷில் சொன்னதை மறுபடி தமிழாக்க வேண்டும். சாட்சி சொன்ன அதே வாக்கியம் திரும்பி வந்துவிட்டால் சரி. வேறொன்று வந்து நின்றால், எங்கே தடம் மாறியது என்று நானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அவருடைய ஒழுங்குகள் கறாரானவை. சாட்சி ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்பது கூடாது. சாட்சி அழுதால் நான் அழக் கூடாது. வசவை மட்டும் அப்படியே சொல்ல வேண்டும். ஒருமுறை மீன் சந்தைத் தகராறு ஒன்றில் சாட்சி சொன்ன வார்த்தையைக் கேட்டு நான் தயங்கி நின்றேன். “தானல்ல பறயுந்நது, அயாளாணு. பற” என்றார் சார். பேசுவது நீ அல்ல, அந்த ஆள்தான் என்று. சொன்னேன். சொல்லி முடித்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது. சார் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒழுங்கு, கூப்பிடாமல் எழுந்திருக்கக் கூடாது என்பது.

இங்கிலீஷ் வார்த்தைகளில் அவருக்குத் தனிப் பிரியம். மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நாள் சொன்னார்: “ட்ரை வீட்டிலே வாக்கு. என்டெவர் கம்பெனிக்காருடெ வாக்கு. கத்தெழுதும்போள் மாத்ரம் வரும். அட்டெம்ப்ட் ஜெயிலில் போகுந்ந வாக்கு.” மூன்றும் முயற்சிதான், ஆனால் ஒன்று வீட்டில் புழங்குவது, ஒன்று கம்பெனிக் கடிதத்தில் வருவது, ஒன்று ஆளை உள்ளே தள்ளுவது. சோற்றைப் பிசைந்துகொண்டே கொஞ்சம் யோசித்து, “கோடதியும் ட்ரை செய்யுந்நுண்டல்லோ” என்று சேர்த்துக்கொண்டார். கோர்ட் வழக்கை விசாரிப்பதற்கும் இங்கிலீஷில் அதே ட்ரை. ஒருத்தன் ட்ரை பண்ணியதற்காக அவனை ட்ரை பண்ணுகிறோம் என்று நான் சொன்னபோது, அவர் வாய்விட்டுச் சிரித்ததை முதல்முறையாகப் பார்த்தேன்.

அந்த வருஷங்களில்தான் செல்லம்மாவின் வழக்கு வந்தது.

செல்லம்மா சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. புருஷன் முருகையாவோடும் கைக்குழந்தையோடும் வேலை தேடி வந்தவள். மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் இருவரும் வேலை பார்த்தார்கள். வளைகுடாவுக்கு ஆள் சேர்க்கிறேன் என்று வந்த ஒருவன் பேச்சை நம்பி முருகையா ஒரு நாள் படகேறி எர்ணாகுளம் போனான். அங்கிருந்து பம்பாய் என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். தகவலே இல்லை. செல்லம்மா தினமும் சாயங்காலம் வேலை விட்டதும் படகுத்துறைக்குப் போய் நிற்பாள். அப்படி நின்ற ஒரு சாயங்காலம், புறப்பட்ட படகுக்கும் துறைக்கும் நடுவே அவள் சரிந்ததை ஒரு படகுக்காரர் பார்த்து, கையைப் பிடித்து இழுத்துப் போட்டுவிட்டார். கூட்டம் கூடிவிட்டது. போலீஸ் வந்தது. தற்கொலைக்கு முயன்றாள் என்று வழக்கு. ஐந்து வயதுப் பெண் குழந்தையை, வழக்கு முடிகிற வரைக்கும் என்று கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு விடுதியில் சேர்த்தார்கள். குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டால் குழந்தை தாயிடம் திரும்பிப் போகுமா என்று யாருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

இதெல்லாம் பின்னால் எனக்குத் தெரிந்தது. முதல் நாள் அவள் கூண்டில் வந்து நின்றபோது நான் என் மேஜையில் ஒரு நகலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். திருவனந்தபுரத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த மாஜிஸ்ட்ரேட், இளவயதுக்காரர், “மலையாளம் அறியாமோ?” என்று கேட்டார்.

“அறியாம்” என்றாள் செல்லம்மா. தெரியும் என்று அர்த்தம். கிடங்கில் நாலு வருஷமாகக் கேட்டுப் பழகிய கேள்வி, பழகிய பதில். அதனால் என்னைக் கூப்பிடவில்லை.

மாஜிஸ்ட்ரேட் குற்றச்சாட்டை எளிமையாக்கி, நிதானமாகவே கேட்டார். “அந்நு வைகுந்நேரம் ஜெட்டியில் வச்சு ஆத்மஹத்யக்கு ஸ்ரமிச்சோ?”

செல்லம்மா கைகூப்பினாள். “ஆமாய்யா. ரொம்பச் சிரமம். நாலு வருசமா நா பட்டது சொல்லி முடியாதுய்யா.”

மாஜிஸ்ட்ரேட் தலையசைத்துவிட்டு எழுதக் குனிந்தார்.

மலையாளத்தில் ஸ்ரமம் என்றால் முயற்சி. ஸ்ரமிச்சோ என்றால் முயன்றாயா; அன்று சாயங்காலம் ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், தற்கொலைக்கு முயன்றாயா என்பதே கேள்வி. தமிழில் சிரமம் என்றால் கஷ்டம். ஒரே சொல்தான், பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டும்போது பொருள் மாறிவிட்டது. ஆத்மஹத்ய என்ற வார்த்தை செல்லம்மாவுக்குத் தெரியாது. சிரமம் தெரியும். கோர்ட்டில் ஒரு பெரிய மனிதர் தன்னைப் பார்த்து, சிரமப்பட்டாயா அம்மா என்று கேட்கிறார். அத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. அவள் கண் நிறைந்துவிட்டது.

நான் எழுந்துவிட்டேன்.

யோசித்து எழுந்ததாகச் சொல்ல முடியாது. எழுந்த பிறகுதான் எழுந்திருப்பது தெரிந்தது. சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். உட்கார் என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் உதடு ஒரு தடவை அசைந்து நின்றது. பிறகு எனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்: “எணீட்டால் பறயணம்.”

எழுந்தால் பேச வேண்டும்.

“சார், கேட்ட கேள்விக்கு இந்த அம்மாள் பதில் சொல்லவில்லை. அவர் காதில் விழுந்தது வேறு கேள்வி” என்று மாஜிஸ்ட்ரேட்டிடம் இங்கிலீஷில் சொன்னேன். மாஜிஸ்ட்ரேட் பேனாவை நிறுத்தி என்னையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் கொஞ்சம் இறுகியிருந்தது. சார் எழுந்து, மொழிபெயர்ப்பாளருக்குப் பிரமாணம் செய்து வைக்கலாம் என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். பிரமாணம் எடுத்துக்கொண்டேன். குற்றச்சாட்டைத் தமிழில் கேட்டேன்.

“அன்னைக்குச் சாயங்காலம் நீங்க தற்கொலை பண்ணிக்க முயற்சி பண்ணீங்கன்னு கேஸ். அப்படிச் செஞ்சீங்களா?”

செல்லம்மா என்னை வெறித்துப் பார்த்தாள். “யாரு, நானா? பச்சப்பிள்ளய வச்சுக்கிட்டு நா ஏம்மா சாவுறேன்?”

அதை அப்படியே சொன்னேன். மாஜிஸ்ட்ரேட் எழுதியிருந்த வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். குற்றத்தை மறுக்கிறாள் என்று பதிவாயிற்று. விசாரணைக்கு வேறு தேதி.

விசாரணை அவ்வளவு சுலபமாக இல்லை. இழுத்துப் போட்ட படகுக்காரர் ஹம்சா நல்ல மனிதர். தெரிந்ததை மட்டும் சொன்னார்.

“அவர் சாடியதோ, வீணதோ?” குதித்தாளா, விழுந்தாளா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார்.

“அறியில்ல சாறே. ஞான் கய்யே கண்டுள்ளூ. கண்டப்போள் பிடிச்சு.” கையைத்தான் பார்த்தேன், பார்த்ததும் பிடித்தேன் என்றார்.

எதிராக நின்றது ஒரே ஒரு வரி. அன்று துறைக்கு வந்த காவலர், செல்லம்மா தன்னிடம் சொன்னதாக எழுதியிருந்த வரி: வீழான் நோக்கி. விழ முயன்றேன் என்று அர்த்தம். காவலர் பொய் எழுதவில்லை. அவளுடைய தமிழ் வாக்கியத்தையும் பக்கத்திலேயே மலையாள எழுத்தில் குறித்து வைத்திருந்தார். விழப் பாத்தேன். தமிழில் பார்ப்பதற்கு மலையாளத்தில் நோக்குவது. வார்த்தைக்கு வார்த்தை சரியாகத்தான் மாற்றியிருந்தார்.

மாஜிஸ்ட்ரேட் அந்த வரியை என்னிடம் காட்டினார். “இதன் பொருள் என்ன?”

“விழ இருந்தேன் என்று பொருள் சார். கிட்டத்தட்ட விழுந்துவிட்டேன் என்று. படியில் வழுக்கினால் எங்கள் வீட்டில் ‘விழப் பார்த்தேன்’ என்றுதான் சொல்வோம். வேண்டுமென்று யாரும் வழுக்குவதில்லை.”

அவர் ஒரு கணம் யோசித்தார். கெட்டிக்காரர். “நம்முடெ ‘வீழான் போயி’ போலே, அல்லே?” என்றார். ஆமாம், விழப் போனது போலத்தான் என்றேன். உடனே அடுத்த கேள்வி வந்தது.

“இதற்கு ஒரே பொருள்தானா? முயன்றேன் என்று தமிழில் இதை யாரும் சொல்வதே இல்லையா?”

செல்லம்மா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் அவளுக்குத் தெரியாது. ஆனால் தன் கதை என் நாக்கில் இருப்பது தெரியும். ஒரே பொருள்தான் என்று நான் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். மறுத்துச் சொல்ல அந்த அறையில் வேறு தமிழர் இல்லை. சாரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார், உதடு அசையவில்லை.

“இரண்டு பொருளும் உண்டு சார். ‘ஓடப் பார்த்தான்’ என்றால் ஓட முயன்றான்தான்.”

“இந்த அம்மாள் எந்தப் பொருளில் சொன்னார்?”

“அது எனக்குத் தெரியாது சார். அவரைத்தான் கேட்க வேண்டும்.”

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சுடும் ஒனக்கு? அதுவும் ஒரு பிள்ளக்குத் தாயில்லியா?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனால் மறுபடி அந்த இடத்தில் நிறுத்தினாலும் அதையேதான் சொல்வேன்.

மாஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வைத்தார். “கேளுங்கள். அன்று அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேளுங்கள். நிதானமாகச் சொல்லச் சொல்லுங்கள்.”

கேட்டேன். செல்லம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினாள். அதற்குள் அவளுடைய மூச்சு எங்கே நிற்கும் என்று எனக்குப் பழகியிருந்தது. அவள் நிறுத்திய இடத்தில் நான் தொடங்கினேன்.

“எம்புருசன் அந்தத் தொறையிலதான் படகேறுனாரு. திரும்புனாலும் அங்கனதான எறங்கணும். அதுக்குத்தான் நெதம் போவேன். அன்னைக்குப் படகு கெளம்பிட்டு. உள்ள ஒரு ஆளு, முதுகக் காட்டிட்டு நிக்காரு. அதே தோளு, அதே மாதிரி ஒரு பக்கமாச் சாஞ்ச நெலை. நா கூப்புட்டேன். திரும்பல. மொகத்தப் பாக்கணும்னு எட்டுனேன்யா. இன்னுங் கொஞ்சம் எட்டுனேன். காலு வழுக்கிட்டு. சாகணும்னு நெனச்சா அத்தன சனம் நிக்கிற நேரத்துலயா போவேன்? நா ஆளப் பாக்கப் போனவ.”

‘நான்’ என்றால் நான் என்றே சொல்ல வேண்டும். என் கணவர் அந்தத் துறையில்தான் படகேறினார் என்று இங்கிலீஷில் சொன்னேன். எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை, பிறகும் ஆகவில்லை. எத்தனையோ பெண்களுக்காக ‘என் கணவர்’ என்ற இரண்டு வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறேன், காற்றுப்போல நாக்கைக் கடந்து போய்விடும். அன்று கடக்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எட்டினேன் என்று சொல்லும்போது, அறியாத ஒரு தோளை நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் கொஞ்சம் எட்டினேன் என்றபோது என் குரல் இறங்கிவிட்டது. டைப்பிஸ்ட் நிமிர்ந்து பார்த்தார்.

“அந்த ஆள் யார் என்று தெரிந்ததா?” என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். வழக்குக்குத் தேவையில்லாத கேள்வி.

“இல்லய்யா. படகு போயிட்டு.”

அடுத்த வாரம் தீர்ப்பு வந்தது. முயன்றதாக நிரூபிக்கப்படவில்லை, விடுதலை. விடுதித் தலைவி கன்னியாஸ்திரீ தானே குழந்தையைக் கூட்டிக்கொண்டு கோர்ட் வாசலுக்கு வந்திருந்தார். பூங்கொடி என்று பேர். தலைக்கு எண்ணெய் தேய்த்து இரட்டைப் பின்னல் போட்டுவிட்டிருந்தார்கள். செல்லம்மா மகளைத் தூக்கவில்லை. தரையில் உட்கார்ந்து அதன் கால்களைக் கட்டிக்கொண்டாள். சார் படியிறங்கிப் போகும்போது அவர்களைச் சுற்றிக்கொண்டு, வெயிலில் நடந்து போனார். மறுநாள் என் மேஜையில் ஒரு பழைய இங்கிலீஷ் அகராதி இருந்தது. அவருடையது.

அதற்குப் பிறகு செல்லம்மா எனக்குத் தோழியானாள். கோர்ட் விட்டு நான் துறை வழியாகச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன். அவள் பூங்கொடியோடு நிற்பாள். இப்போது துறையின் ஓரத்துக்குப் போவதில்லை. பின்னால், சாயாக் கடை பெஞ்சில் உட்கார்ந்து படகைப் பார்ப்பாள். அவள் சேலையில் சுக்கு வாசனை இருக்கும். என் தமிழைக் கேட்டுச் சிரிப்பாள். “சாயா இல்லக்கா, டீ. சொல்லுங்க, டீ” என்பாள். ஹம்சா படகில் இருந்தால் தூரத்திலிருந்தே கையைத் தூக்கிக் காட்டுவார். படகு வரும், சனங்கள் இறங்குவார்கள், கடைசி ஆள் இறங்கியதும் அவள், “சரி, நாளைக்கு” என்று எழுந்திருப்பாள். அதில் ஒரு புலம்பல் இருக்காது. என் வாழ்க்கையில் நான் யாரோடும் அவ்வளவு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்ததில்லை. சுள்ளிக்கல் வீட்டில் அம்மா எனக்கு வரன் தேடிக் களைத்துப்போன காலம் அது. அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு எதுவும் குறைவதாகத் தோன்றியதில்லை.

ஊரில் அவள் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் வந்தது. எர்ணாகுளம் ஸ்டேஷனில் வண்டியேற்றிவிடப் போனேன். வழியில் பிராட்வே கடைத்தெருவில் பூங்கொடிக்கு ஒரு கவுன் வாங்கினேன். வண்டி நகர்ந்தபோது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்ப வருவே?” என்று கேட்டேன்.

“வரப் பாக்கேன்க்கா.”

தமிழில் இதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? கல்யாண வீட்டுக்கு அழைத்தால், வர மனமிருந்தும் வர வழியில்லாதவர்கள் சொல்வது. ட்ரை என்று சொன்னால் போதாது. அட்டெம்ப்ட் என்றால் தப்பு. அதற்குள் இருக்கிற வருத்தத்தை எடுத்து வைக்க, சார் கொடுத்த அகராதியில் ஒரு வார்த்தையும் இல்லை.

அவள் வரவில்லை. கொஞ்ச நாள் நான் மட்டும் பெஞ்சுக்குப் போனேன். பிறகு சார் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போனார். அம்மா போய்ச் சேர்ந்தாள். எண்பதுகளின் நடுவில் எனக்கு ஆலுவாவுக்கு மாற்றல் வந்தது. ஆற்றங்கரை ஊர், நல்ல காற்று. ஆனால் சாயங்காலமானால் எனக்குப் போக இடமில்லாமல் இருந்தது.

பழைய கோர்ட்டின் பியூன் குஞ்ஞப்பன் சேட்டன் ஒரு நாள் ஏதோ காகிதக் கட்டு கொடுக்க ஆலுவாவுக்கு வந்தார். போகிற போக்கில், “சரஸ்வதியெ சோதிச்சு ஒரு தமிழ் ஸ்த்ரீ வந்நிருந்நு. வலிய மோளும் உண்டு. கூடெ ஒராளும்” என்றார். என்னைக் கேட்டு ஒரு தமிழ்ப் பெண், வளர்ந்த மகள், கூட ஓர் ஆள்.

என் கை கட்டின் மேலேயே நின்றுவிட்டது. “எப்ப? எந்த ஆள்? வயசு என்ன இருக்கும்? ஒரு பக்கமாச் சாஞ்சு நின்னாரா?” என்று மலையாளத்தில் துருவினேன்.

“அதொந்நும் ஞான் ஸ்ரத்திச்சில்ல.” கவனிக்கவில்லை என்றார். ஆலுவாவுக்கு மாற்றலாகிவிட்டது என்று சொன்னாராம். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்களாம். போவதற்கு முன்னால் அந்தப் பெண், என்னிடம் சொல்லும்படி ஏதோ சொல்லிவிட்டுப் போனாளாம்.

“என்ன சொன்னா? அவ சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க சேட்டா.”

“தமிழல்லே, சரஸ்வதி. எனிக்கெங்ஙனெ அறியாம்?” தமிழாயிற்றே, எனக்கு எப்படித் தெரியும் என்றார்.

“சத்தமாவது ஞாபகம் இல்லையா? முதல் வார்த்தை? கடைசி வார்த்தை?”

அவர் பாவம், கண்ணை மூடி நின்று பார்த்தார். நல்ல மனிதர். நான் விடவில்லை. அக்கா என்று தொடங்கினாளா, வந்துட்டாரு என்று ஏதாவது இருந்ததா, பாக்க என்று ஒரு வார்த்தை வந்ததா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எத்தனையோ பேர் பேசியதை ஒரு சொல் சிந்தாமல் எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொடுத்திருக்கிறேன். எனக்கென்று சொன்னதை எடுத்து வர அன்று அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

குஞ்ஞப்பன் சேட்டன் படி வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

“சிரிச்சிட்டாணு பறஞ்ஞது” என்றார். “அது ஓர்மயுண்டு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாளாம். அது ஞாபகம் இருக்கிறதாம்.